கோர்ட்டுக் கத்தரிக்காயும் கொஞ்சம் நூலும்

மார்கழி 5, சனி

நல்ல பனி. கரண்ட் இல்லை, மோட்டார் போட முடியவில்லை. மொச்சைக்குப் பனியே போதும் என்று சொல்லிவிட்டு இவர் மறுபடி போர்வைக்குள். பஸ் கண்டக்டராக இருந்தவரை விடியுமுன் எழுந்து ஓடிய மனிதர். ஓய்வு பெற்ற பிறகு வெயில் முகத்தில் அடித்தால்தான் எழுவது.

காட்டு வேலைக்குக் கூட வரும் பேச்சி வந்தாள். இருவருமாகப் பஞ்சு எடுத்தோம். ஆவணியில் ஊன்றிய நாலு சால் பருத்திதான், முதல் எடுப்பு. வியாபாரி பைக்கில் வந்து சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்தான்.

"மழ பட்ட பஞ்சுக்கா. கறை விழுந்திருச்சு."

அவன் சொன்ன விலைக்குக் கொடுப்பதைவிடக் காதில் அடைத்துக்கொள்ளலாம். அதை அவனிடமே சொன்னேன். சாக்கு இப்போது கட்டிலுக்கு அடியில்.

மதியம்: சோளச்சோறு. கத்தரிக்காய் சுட்டு, பச்சை மிளகாயோடு பிசைந்தது. உப்பும் எண்ணெயும் மட்டும்தான் கடையில் வாங்கியது. மற்ற எல்லாம் இந்த மண். இவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "கோர்ட்டுக் கத்தரிக்கா நல்லாத்தான் காச்சிருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்பா போன பிறகு, நிலத்தில் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். பெண் பிள்ளைகள் போடுவதுதான் வழக்கம். நான் போடவில்லை. கேஸ் நடந்து, பாதி நிலம் என் பெயருக்கு வந்தது. மதுரை ஆரப்பாளையத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு எழுமலைக்கு வந்து இந்த ஒற்றை அறையைக் கட்டிக்கொண்டோம். நடுவில் கம்பிவேலி. அந்தப் பக்கம் அண்ணன், மதினி. அன்றிலிருந்து பேச்சு இல்லை, நல்லது கெட்டது இல்லை. இந்த நோட்டில் இனி அண்ணன் என்று எழுதப் போவதில்லை. வே.அ. போதும். வேலிக்கு அந்தப் பக்கம்.

மார்கழி 6, ஞாயிறு

மூடுபனி, பஸ் ஊர்ந்தது. ஆரப்பாளையம். பழைய வீட்டுக்குப் பக்கத்துத் தெரு, மாடியில் நூல் நூற்கும் வகுப்பு. போனில் பார்த்துப் பெயர் கொடுத்தது. ஏன் என்று இவர் கேட்டார். பஞ்சை விற்கவில்லையே, ஏதாவது செய்ய வேண்டாமா என்றேன். உண்மை அது இல்லை. பொங்கல் வருகிறது. கை சும்மா இருந்தால் போனை எடுக்கும், வே.அ. நம்பருக்குப் போகும். எடுக்க மாட்டார்கள். அந்த அசிங்கம் போன வருஷமே பட்டாயிற்று.

சொல்லிக் கொடுப்பவள் நிவேதா. எனக்கு மகள் என்று ஒருத்தி இருந்தால் இவள் வயது. பெரிய மூக்குத்தி, கசங்கிய சட்டை. கசங்கியே இருக்க வேண்டுமாம்.

"ஆன்ட்டி, நூலோட சண்ட போடாதீங்க. அது போற போக்குல விடுங்க."

ஆளுக்கு ஒரு தக்ளி கொடுத்தாள். கம்பி, அடியில் சின்ன வட்டு, நுனியில் கொக்கி. ஒரு கை சுழற்ற வேண்டும், இன்னொரு கை பஞ்சை இழுக்க வேண்டும். சுழற்றினேன், இழுக்க மறந்தேன். இழுத்தேன், அறுந்தது. தக்ளி தரையில் விழும் சத்தம் எனக்கு மட்டும்தான். பக்கத்தில் ஒரு பாங்க் மேனேஜர் அம்மா, அறுக்காமல் நூற்று, அதைப் போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தாள். கண்ணில் குத்த வேண்டும் போல இருந்தது.

தக்ளியை வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். பஞ்சுச் சுருள் தீர்ந்துவிட்டதாம். "உங்க வீட்டுலதான் பஞ்சு இருக்குன்னீங்களே ஆன்ட்டி, எதுல வேணா ட்ரை பண்ணுங்க."

மார்கழி 8, செவ்வாய்

சாக்குப் பஞ்சில் கொட்டை இருக்கிறது, எடுக்கச் சோம்பல். எதில் வேண்டுமானாலும் என்றாளே. கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்த தலையணை ஒன்று கிழிந்து கிடந்தது. பிரித்தேன். இலவம் பஞ்சு. வெள்ளையோ வெள்ளை, பளபளப்பு. சந்தோஷமாக உட்கார்ந்தேன்.

ஒரு முழம்கூட வரவில்லை. வழுக்குகிறது. ஒன்றை ஒன்று பிடிக்கவே இல்லை. ஃபேன் வேறு ஓடிக்கொண்டிருந்தது. வீடு முழுக்கப் பறந்து, சாம்பாரில் விழுந்து, இவர் தலையில் ஏறி, தும்மல். நிவேதாவுக்குப் போன் போட்டேன். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில். இலவம் பஞ்சில் நூல் வராதாம். திணிக்க மட்டும்தான் ஆகுமாம்.

பேச்சி எட்டிப் பார்த்து, "என்னக்கா, தலகாணியக் கொன்னுபுட்டீக" என்றாள்.

பிறந்த வீட்டுத் தலையணை. போனது போகட்டும்.

இரவு: சாம்பார் கொட்டியாயிற்று. மோர், சின்ன வெங்காயம், பழைய சோளச்சோறு.

மார்கழி 11, வெள்ளி

செய்ய வேண்டியவை: அவரைப் பந்தல் கட்டு. தண்ணி. கொட்டை எடுப்பது. இவருக்கு மூட்டுத் தைலம்.

கொட்டை எடுக்க வழி கண்டேன். பலகையில் பஞ்சை வைத்துக் கம்பியை அழுத்தி உருட்டினால் கொட்டை அந்தப் பக்கம் பிதுங்கி வெளியே குதிக்கிறது. காலை முழுக்க உருட்டினேன். தோள் விட்டுப் போயிற்று. பஞ்சைச் சீவ நாய்க்கு முடி சீவும் பிரஷ் இரண்டு வாங்கச் சொன்னாள் நிவேதா. இவர் உசிலம்பட்டியில் தேடி வாங்கி வந்தார். கடைக்காரன் என்ன நாய் என்று கேட்டானாம். "பெரிய சாதி நாயி, கோவம் கூட" என்று சொன்னாராம். கடந்த ஒரு மாதத்தில் இன்றுதான் நான் சிரித்தது.

சீவினால் பஞ்சு பூப்போல வருகிறது. சுருட்டினேன், நூற்றேன். கொஞ்சம் வந்தது. ஓரிடத்தில் விரல் கனம், ஓரிடத்தில் முடி. ஆனாலும் நூல்.

மார்கழி 13, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. பனியில் இருமல்.

கொட்டையை ராத்திரியே ஊறப்போட்டிருந்தேன். ஆட்டிப் பால் பிழிந்து, கருப்பட்டி, சுக்கு, ஏலம். பருத்திப்பால். மதுரையில் வண்டிக்காரன் ஊற்றுவதைவிடக் கெட்டி. அடுப்பில் கொதிக்கும்போது வாசம் வேலியைத் தாண்டிப் போனது எனக்குத் தெரியும். வே.அ.வுக்குச் சின்ன வயதில் இருந்தே பருத்திப்பால் என்றால் உயிர். டம்ளரை வழித்து நக்குவார், அப்பா அடிப்பார்.

மதினியின் குரல், வேண்டுமென்றே சத்தமாக: "எவ வீட்டுக் கொட்டையோ, வாசம் மட்டும் நமக்கு."

அவர் குரல்: "மூக்கப் பொத்திக்கிட்டு வேலயப் பாரு."

அவ்வளவுதான். ஆனால் எழுந்து போகவில்லை, வேலியோரக் கட்டிலில்தான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். நான் ஏன் அதைக் கவனித்தேன்? ஒரு செம்பு நிறைய ஊற்றி வேலி வரை கொண்டு போனேன். திரும்பி வந்து இவரிடம் கொடுத்தேன். "எனக்கு இம்புட்டு வேணாம் புள்ள, வயிறு தாங்காது" என்றார். குடித்தார்.

மார்கழி 16, புதன்

மொச்சை முதல் பறிப்பு. மொச்சைக் குழம்பு, குதிரைவாலிச் சோறு. குழம்புக்கு ஒரு துண்டுக் கருவாடு, பேச்சி கொடுத்தது. நன்றாக இருந்தது என்று எழுதத்தான் வேண்டும். தனியாகச் சாப்பிடுவதற்கு இவ்வளவு ருசி எதற்கு என்றும் தோன்றியது. இவர் எதிரில்தான் இருந்தார். அது வேறு.

பேச்சி கொண்டு வந்த சேதி: ஊரில் யாரோ பொங்கல் சீர் பற்றிக் கேட்டார்களாம். வே.அ. சொன்னாராம், "சீருங்கிறது நெலத்துக்குப் பதிலு. நெலத்த வாங்கிக்கிட்டா, சீரு எதுக்கு? எங்க திருமங்கலத்து அத்த ஒரு சென்ட்டு கேட்டுருக்கா?"

மறுபடி அத்தை. கேஸ் நடந்த காலம் முழுக்க என் முகத்தில் எறிந்த கல் அத்தைதான். அப்பாவின் தங்கை. காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்தவள், ஒன்றும் கேட்காதவள், உத்தமி. அந்த அத்தை என்னிடம் தனியாகச் சொன்னது இவர்களுக்குத் தெரியாது: "நீ செஞ்சது சரிதான்டி. எனக்குத் தைரியமில்ல."

நூல் இன்று அறுபடாமல், கை விரித்து அளந்தால் இரண்டு பாகம் வந்தது. கோபத்தில் சுற்றினால் முறுக்கு நன்றாக ஏறுகிறது.

மார்கழி 19, சனி

பெட்டி கட்ட நேரம் இல்லை. அத்தை போய்விட்டாள். விடியலில் போன். திருமங்கலம் கிளம்புகிறோம். கைப்பையில் தக்ளி கிடக்கிறது, எடுத்து வைக்கவும் மனசில்லை.

மார்கழி 20, ஞாயிறு

நேற்றை எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் நெஞ்சில் கிடந்து நாறும்.

போய்ச் சேர்ந்தபோது ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். குட்டையாகிவிட்டாள் அத்தை. தலைமாட்டில் உட்கார்ந்து அழுதேன். அத்தை மகள் முருகேஸ்வரி என் தோளைக் கட்டிக்கொண்டாள்.

பெண் செத்தால் பிறந்த வீட்டில் இருந்து கோடி வர வேண்டும். புதுத் துணி, மாலை, கொட்டோடு. அதைப் போர்த்தாமல் பிணத்தைத் தூக்க மாட்டார்கள். பிறந்த வீடு என்றால் இப்போது வே.அ. தான். மதியத்துக்குள் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அத்தையின் கொழுந்தனார் ஸ்பீக்கரில் போன் போட்டார். முற்றத்தில் எல்லோரும் கேட்கிறோம்.

"அங்ஙனதான் பங்கு வாங்குனவ உக்காந்திருக்காள்ல? அவளும் பொறந்த வீடுதான? அவளே போடட்டும்."

கட். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முருகேஸ்வரி அழுகையை நிறுத்திவிட்டு என்னிடம், "மதினி, பொழுது சாயுது. கோடி இல்லாம எங்காத்தாள எப்பிடித் தூக்குறது?" என்றாள்.

சரி என்று எழுந்தேன். அவர் கிண்டலுக்குச் சொன்னதை நான் சத்தியமாக எடுத்துக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் சரியாகத்தானே இருந்தது? பாதி நிலம் என்னிடம். பாதிப் பிறந்த வீடு நான். கடைவீதிக்கு ஓடி, நல்ல கோடியாக எடுத்தேன். கடைக்காரர், "துக்கத்துக்காம்மா? துக்கத்துணி திருப்பி எடுக்க மாட்டோம்மா" என்றார். திருப்ப எனக்கு என்ன கிறுக்கா என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

நான் திரும்பியபோது அத்தையைக் குளிப்பாட்டியிருந்தார்கள். கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த துணி நனைந்து அவிழ்ந்துவிட்டது. முருகேஸ்வரி ஏதாவது கயிறு இருக்கா என்று தேடினாள். என் கைப்பையில் தக்ளி. சுற்றியிருந்த நூலை உருவி நாலாக மடித்துக் கட்டினேன். இழுத்துப் பார்த்தேன். அறவில்லை.

கோடிப் பையை எடுத்தேன். கொழுந்தனார் கையை நீட்டித் தடுத்தார்.

"பொம்பள கோடி போடுற வழக்கம் நம்மகிட்ட கெடையாது தாயி."

"அவருதான சொன்னாரு, போடட்டும்னு?"

"அது கோவத்துல சொல்றது. அதப் போயி." பிறகு குரலைத் தணித்து: "ஒங்கண்ணன் வந்துட்டாரு. முக்குல காரோட நிக்கிறாரு. நீ இருக்கிற எடத்துல கால் வைக்க மாட்டேங்கிறாரு. கொஞ்ச நேரம் அங்கிட்டு ஒதுங்கிக்கத்தா. பெரிய காரியம் பாரு, தடைபடக் கூடாது."

யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று பார்த்தேன். முருகேஸ்வரியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். அவளைக் குறை சொல்லவில்லை. இல்லை, சொல்கிறேன். தனக்குத் தைரியமில்லை என்று அத்தை சொன்னாளே, மகளுக்கும் அதுதான் சொத்தாக வந்திருக்கிறது.

வெளியே வந்தோம். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீக்கடை. இவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, பிடிக்காத டீயைத் தானும் குடித்தார். கொட்டுச் சத்தம் கேட்டது. வே.அ. தலைப்பாகையோடு, தாம்பாளத்தில் கோடியோடு, ராஜாவாட்டம் போனார். எதிர்ப்பக்கம் திரும்பவில்லை. உள்ளே போய், "அத்தே, நீயெல்லாம் தெய்வம்" என்று அவர் அலறியது ரோடு வரை கேட்டது. நிஜ அழுகைதான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பாடை எங்களைத் தாண்டித்தான் போனது. பூவும் துணியும் மூடி முகம் தெரியவில்லை. கால் மட்டும் தெரிந்தது. முண்டும் முடிச்சுமாக என் நூல்.

பஸ்ஸில் என் மடியில் கோடிப் பை. எழுமலை வரை அப்படியே.

மார்கழி 23, புதன்

மேகம். வெயிலே இல்லை. தக்காளி வெடித்துப் போகிறது.

பை மூலையில் கிடக்கிறது. துக்கத்துணியை வீட்டில் வைக்கக் கூடாது. கடையில் எடுக்க மாட்டார்கள். யாருக்கும் கொடுக்க முடியாது, கொடுத்தால் அடிக்க வருவார்கள். "ஆத்துல விட்டுருவோமா?" என்றார் இவர். வைகையில் அதற்குத் தண்ணி வேண்டுமே.

முருங்கைக்கீரை, சோளக்கூழ். குடித்தது இவர் மட்டும்.

ஒன்றை எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். நாளைக்கு நான் செத்தால் எனக்குக் கோடி யார் போடுவார்? அத்தை சாவு வரை இந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை. சீர் வருமா வராதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன், சின்னப் பிள்ளை மாதிரி. அத்தை எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தாள். அவளையே பொழுது சாயக் காக்க வைத்தார்கள். எனக்கு? ஐஸ் பெட்டி வாடகைதான் ஏறும்.

நூற்றேன். கை தானாகப் போகிறது இப்போது. பார்க்கக்கூட வேண்டியதில்லை.

மார்கழி 27, ஞாயிறு

வகுப்பு. நூலைக் காட்டினேன். நிவேதா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"சூப்பர் ஆன்ட்டி! நல்ல முறுக்கு. ஒரு துண்டு நெய்யலாம். யாருக்காவது கிஃப்ட் பண்ணுங்களேன். அண்ணன் தம்பி இருக்காங்களா?"

இருமல் வந்த மாதிரி வெளியே வந்துவிட்டேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

பஸ் ஸ்டாண்டில் கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, கூட்டம். தங்கச்சி வீடுகளுக்குச் சீர் கொண்டு போகும் ஆண்கள். ஒருவர் என்னிடம், "தள்ளி நில்லும்மா, கரும்பு மூஞ்சியில பட்டுரும்" என்றார். இதே ஆரப்பாளையத்துக்கு வருஷா வருஷம் உசிலம்பட்டியில் பஸ் மாறிக் கரும்பைத் தோளில் தூக்கி வந்தவர்தான் வே.அ. தோகை பஸ் கதவில் சிக்கி, கண்டக்டரோடு சண்டை போட்டு, அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் நுழைவார். "பாப்பா, தண்ணி கொண்டா." இப்போது பஸ் வேண்டாம், தோள் வேண்டாம். வேலிப் படலைத் திறந்தால் போதும்.

மார்கழி 30, புதன், போகி

பேச்சி சேதி. வே.அ. ஊரில் சொல்லிக்கொள்கிறாராம்: "அத்த எறந்த வருசம். துக்கம். சீரு எடுக்கிறதில்ல." வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளையடித்தாகிவிட்டது, கோலம் போட்டாகிவிட்டது, கரும்பு வந்து இறங்கிவிட்டது. துக்கம் தங்கச்சிக்குக் கொடுப்பதில் மட்டும். செத்தும் அவருக்கு ஒத்தாசை செய்துவிட்டாள் அத்தை.

தலையணை உறையையும் கிழிந்த பாயையும் போகியில் எரித்தேன். கோடிப் பையையும் போடு என்று இவர் கண்ணால் காட்டினார். கையில் எடுத்தேன். போடவில்லை.

நாளைக்கு: குதிரைவாலி, வெல்லம், பறங்கிக்காய், மொச்சை, சீனிக்கிழங்கு. வெல்லம் தவிர எல்லாம் இருக்கிறது.

தை 1, வியாழன்

பொங்கியது. கிழக்குப் பக்கம் வழிந்தது, நல்லதாம். குலவை போட ஆள் இல்லை. பேச்சி போட வந்தாள், அவளுக்கும் தொண்டை கட்டியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் குலவை கூட்டமாகக் கேட்டது.

இலை போட்டோம். பொங்கல், மொச்சையும் கத்தரிக்காயும் பறங்கியும் சேர்த்த குழம்பு, அவரைப் பொரியல். இவர் இரண்டாம் முறை வாங்கினார். இந்த மண்ணுக்கு ஒரு கோபமும் இல்லை போல, யார் ஊன்றினாலும் காய்க்கிறது.

மூன்று மணி வரை படல் சத்தம் கேட்குமா என்று காதை வைத்திருந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஒருமுறை சத்தம் கேட்டு எழுந்து, புடவையைக்கூடச் சரி செய்துகொண்டு போனேன். ஆடு.

வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்து, பையில் இருந்த கோடியை எடுத்து உதறி மடித்து உள்ளே வைத்தேன். அதன் மேல் நூற்கண்டை வைத்தேன், கால் கட்டுவதற்குத் தாராளமாகக் காணும். இவர் பின்னால் வந்து நின்றதைப் பார்க்கவில்லை.

"ஏ புள்ள, நல்ல நாளும் அதுவுமா இத எதுக்கு எடுக்குற? யாருக்கு?"

"எனக்குத்தான்."

"கோடி பொறந்த வீட்டுல இருந்துல வரணும்?"

"இது என்ன வீடாம்?"

இவர் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

இருக்கட்டும். இந்தப் பெட்டியிலேயே இருக்கட்டும். யாரும் முக்கில் கார் நிறுத்திக்கொண்டு நிற்க வேண்டாம். வே.அ. வருவதற்காக யாரையும் எழுந்து போகச் சொல்லவும் வேண்டாம், அன்றைக்கு நான் எழுந்து போகவும் முடியாது.

அடுப்பில் கிழங்கு தீய்கிற வாடை.